சுண்டெலியின் சாட்சியம்

திண்டிவனத்தில் சமீபத்தில் தோழர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இரத்தப் புற்றுநோய்க்கு நம் நாட்டிலேயே ஒரு புது வைத்தியம் கண்டுபிடித்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. மனிதனுக்குக் கொடுப்பதற்கு முன் அதைச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். அந்தச் சுண்டெலியும் சாதாரண எலியல்ல, நோயை எதிர்க்கும் சக்தி அடியோடு இல்லாத எலியாம். எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு பிராணியிடம் பரீட்சை செய்துவிட்டு, அது மனிதனுக்கும் பலிக்கும் என்று சொன்னால் எப்படி நம்புவது? சாமியாடி சொல்வதை நம்பாதே என்று மேடைக்கு மேடை சொல்லுகிற நீங்கள், எலி சொல்வதை மட்டும் நம்பு என்கிறீர்களா?" என்பது அவருடைய கேள்வி.

கேட்டவர் குதர்க்கத்திற்காகக் கேட்கவில்லை. அவருடைய உறவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய். ஒரு தடவை குணமாகி மறுபடியும் திரும்பி வந்துவிட்ட நோய். முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்குமாக வீட்டார் அலைந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி என்கிறார்கள். மீதிப் பேர் மேல்மலையனூரில் மூன்று அமாவாசை இருந்து பார்ப்போம் என்கிறார்கள். இருக்கிற கொஞ்ச நிலத்தையும் இரண்டொரு நகையையும் விற்றால் அந்தப் பணத்தை எந்தப் பக்கம் விடுவது என்பதே அவர்களுடைய சங்கடம். எனவே அவர் எலியைப் பற்றிக் கேட்டாலும், உண்மையில் கேட்டது ஓர் உயிரைப் பற்றித்தான்.

இப்படிப்பட்டவருக்கு, "பெரிய பெரிய விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள், நம்பு" என்று நாம் பதில் சொல்லுவோமானால், "ரிஷிகள் சொல்லியிருக்கிறார்கள், நம்பு" என்கிற புரோகிதனுக்கும் நமக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லாமல் போய்விடும். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம். எலியை யாரும் நம்ப வேண்டியதில்லை. எலியிடம் என்ன கேட்டார்கள், அது எதற்குப் பதில் சொன்னது, எதற்குச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் போதும் என்பதே நமது அபிப்பிராயம்.

வைத்தியம் என்ன?

நமது இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. ஊருக்குக் காவலாள் எப்படியோ அப்படி உடம்புக்கு அது. அந்நியமான கிருமி புகுந்த செல்லைக் கண்டால் அதைக் கொன்றுவிடும். ஆனால் புற்றுநோய் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நம் வீட்டிலேயே பிறந்து கெட்டுப்போன பிள்ளை. அதனால் காவலாள் பல சமயங்களில் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

இதற்கு விஞ்ஞானிகள் செய்த யுக்தி என்னவென்றால், நோயாளியின் இரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்யும் சக்தி நீக்கப்பட்ட ஒரு வைரஸை வண்டியாக வைத்து, அந்தச் செல்களுக்குள் ஒரு புதிய மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். அந்த மரபணு டி செல்லின் மேல் ஒரு கொக்கியை முளைக்கச் செய்கிறது. சிலவகை இரத்தப் புற்றுநோய்ச் செல்களின் மேல் சி.டி.19 என்று ஓர் அடையாளம் இருக்கிறது. கொக்கி அந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ளுகிறது. உடனே டி செல் தன் வேலையைச் செய்கிறது. இவ்வாறு திருத்திய செல்களை ஆய்வுக்கூடத்தில் கோடிக்கணக்காகப் பெருக்கி, நோயாளியின் உடம்புக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். இதற்குக் 'கார்-டி' சிகிச்சை என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயரே தவிர, மோட்டார் காருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இப்படிப்பட்ட கொக்கியை டி செல்லில் பூட்டலாம் என்று 1989-ல் இஸ்ரேல் தேசத்தில் சீலிக் எஷார் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அமெரிக்க சர்க்கார் முதன்முதலாக இந்த வைத்தியத்திற்கு அனுமதி கொடுத்தது 2017 ஆகஸ்டில். நமது நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உண்டாக்கிய வைத்தியத்திற்கு 'நெக்ஸ்கார்19' என்று பெயர். 2021 ஜூனில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி ஜனாதிபதி அம்மையார் அதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். வாசகர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். இது இரத்தப் புற்றுநோய்க்கு முதலில் கொடுக்கும் வைத்தியம் அல்ல. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத அல்லது அடங்கித் திரும்பி வந்த சிலவகை நோய்களுக்கு, பதினைந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் கொடுப்பது.

எலிக்கு எதிர்ப்புச் சக்தி ஏன் இருக்கக்கூடாது?

இனித் தோழரின் கேள்விக்கு வருவோம். மனிதனுடைய புற்றுநோயை, மனிதனுடைய டி செல் கொல்லுமா என்று ஓர் உயிருள்ள உடம்புக்குள் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் மனிதனிடமே பார்ப்பது அக்கிரமம். சாதாரணச் சுண்டெலியின் உடம்பில் மனிதனுடைய செல்லைச் செலுத்தினால், எலியின் காவலாட்கள் "இது அந்நியம்" என்று சில நாளைக்குள் அதைத் தீர்த்துக்கட்டிவிடுவார்கள். அப்பொழுது புற்றுநோயைக் கொன்றது நமது மருந்தா, எலியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் காவலே இல்லாத எலி வேண்டியிருந்தது. எலிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமலிருப்பது பரீட்சையின் குறையல்ல; அதுதான் பரீட்சைக்கே அஸ்திவாரம்.

இந்த எலி ஒரே நாளில் கிடைத்துவிடவுமில்லை. 1962-ல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம் ஒன்றில் மயிரில்லாத சுண்டெலிகள் பிறந்தன. அவற்றுக்கு டி செல்லைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பியே இல்லை என்று 1968-ல் கண்டார்கள். 1983-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா என்பவர், டி செல்லும் பி செல்லும் இரண்டுமே உண்டாகாத எலிகளைக் கண்டெடுத்தார். பிறகு 2002-ல் ஜப்பானியரும், 2005-ல் அமெரிக்காவில் ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் லெனார்ட் ஷூல்ட்ஸ் முதலியவர்களும், எஞ்சியிருந்த இயற்கைக் கொலைச் செல்களும் இல்லாத எலி வம்சங்களை உண்டாக்கினார்கள். நாற்பது வருஷத்திற்கு மேற்பட்ட உழைப்பு. இதில் ஒருவரும் "எனக்கு அசரீரி கேட்டது" என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாம் செய்ததை மற்றவர்களும் செய்து பார்க்கும்படி எழுதி வைத்தார்கள்.

இந்த எலிகள் சாதாரணக் காற்றில் உயிர் வாழா. வடிகட்டிய காற்று, கொதி நீராவியில் சுத்தம் செய்த தீனி, சுத்தமான படுக்கை எல்லாம் வேண்டும். அந்த அறைக்குள் போகிறவர் எவராயிருந்தாலும் கை கழுவி, மேலங்கி போட்டு, முகத்தை மூடிக்கொண்டுதான் போக வேண்டும். 'மடி' என்றும் 'ஆசாரம்' என்றும் நமது வைதீகர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வைதீக மடி ஆளைப் பார்த்து ஒதுக்குகிறது. இங்கே ஒதுக்கப்படுவது கிருமி. அந்த அறை வாசலில் நீ எந்த ஜாதி என்று கேட்பாரில்லை; கை கழுவினாயா என்றுதான் கேட்கிறார்கள். உள்ளே இருக்கிற எலியோ அதற்கும் மேல். எந்த ஜாதிக்காரனுடைய செல்லைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளுகிறது. முகத்தில் பிறந்தவன் செல் ஒரு மாதிரியும் காலில் பிறந்தவன் செல் ஒரு மாதிரியும் வேலை செய்ததாக எந்த ஆய்வுக்கூடத்து எலியும் இதுவரை சாட்சி சொல்லவில்லை.

மூன்று கூண்டுகள்

பரீட்சை எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். எலிகளின் வால் நரம்பு வழியாக மனித இரத்தப் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்துகிறார்கள். மின்மினியின் ஒளிக்குக் காரணமான பொருளை உண்டாக்கும் மரபணு அந்தச் செல்களில் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் நோய் உடம்பில் எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எலியை அறுக்காமலே விசேஷக் காமிராவில் பார்த்துவிடலாம். பிறகு எலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூண்டுக்குக் கொக்கி பூட்டிய டி செல். இரண்டாவது கூண்டுக்குக் கொக்கி இல்லாத சாதாரண டி செல். மூன்றாவது கூண்டுக்கு வெறும் உப்பு நீர். பின்பு நாள்தோறும் கவனித்து, எந்தக் கூண்டில் ஒளி மங்குகிறது, எதில் வளருகிறது, எவை எத்தனை நாள் உயிரோடிருந்தன என்று குறித்து வருகிறார்கள்.

விஷயத்தின் உயிர்நாடி இந்த இரண்டாவது கூண்டிலும் மூன்றாவது கூண்டிலும்தான் இருக்கிறது. அவை இரண்டும் இல்லாவிட்டால் முதல் கூண்டு எலி பிழைத்ததற்கு மருந்துதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. அதாவது, பரீட்சை செய்கிறவன் தன் வாயை அடைக்கக்கூடிய சாட்சியையும் தானே கூட்டி வந்து உட்கார வைக்கிறான். "நீ சொல்வது தப்பு" என்று எலி சொல்லுவதற்கு இடம் விட்டுவைக்கிறான்.

மேல்மலையனூரில் இந்த மூன்று கூண்டுகள் உண்டா? அமாவாசைதோறும் அங்கே இராத்திரியில் கூடுகிற ஜனங்களில் பலர் பேய் பிடித்தது, பில்லி சூனியம், தீராத வியாதி என்று அழுதுகொண்டு வருகிறவர்கள். அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. கைவிடப்பட்டவன் எதையும் பிடித்துக்கொள்ளுவான். ஆனால் அங்கே வந்து பிழைத்தவன் ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுகிறான். வந்தும் செத்தவன் எப்படிச் சொல்லுவான்? வராமலே பிழைத்தவர்களை யார் எண்ணினார்கள்? பிழைத்தால் சாமி மகிமை, செத்தால் உன் கர்மம் என்று இரண்டு பக்கமும் தனக்கே ஜெயமாக வைத்துக்கொண்ட ஒரு வியாபாரத்தை, தோற்பதற்கு இடம் வைத்து நடத்துகிற ஒரு பரீட்சையோடு எப்படி ஒப்பிட முடியும்? பிள்ளையார் எவ்வளவு காலமாய் மூஞ்சூறின் மேல் சவாரி செய்கிறார்! அந்தப் பிராணியிடமிருந்து ஒரு வியாதிக்காவது வழி கேட்டுச் சொன்னதுண்டா? சவாரி செய்கிறவனுக்குக் கேள்வி தோன்றாது. கூண்டுக்கு முன் குந்தி உட்கார்ந்து கணக்கெழுதினவனுக்குத்தான் தோன்றியது.

எலி சொல்லாத விஷயங்கள்

நிற்க. இவ்வளவு சொன்னதால் எலி சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. எலி சாட்சியே ஒழியத் தெய்வம் அல்ல. சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்தாக வேண்டும்.

2003-ல் நியூயார்க்கில் மிஷேல் சாடலேன் குழுவினர், சி.டி.19-ஐக் குறிபார்க்கும் மனித டி செல்களைக் கொண்டு எலி உடம்பிலிருந்த மனித இரத்தப் புற்றுநோயை அழித்துக் காட்டினார்கள். எலி "ஆம்" என்று சொன்னதற்கும் 2017-ல் சர்க்கார் அனுமதி கிடைத்ததற்கும் நடுவில் பதினான்கு வருஷம். அவ்வளவு காலம் எதற்கு என்றால், எலிக்குத் தெரியாத விஷயங்கள் பல இருந்தன.

2012-ல் அமெரிக்காவில் எமிலி வொய்ட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்த வைத்தியம் செய்தார்கள். குழந்தைகளில் அவளே முதலாவது. சில நாளைக்குள் கடுமையான சுரம் கண்டு, மூச்சுக் கருவி வைக்கும் நிலைமைக்குப் போய்விட்டாள். டி செல்கள் புற்றுநோயைத் தாக்குகிறபோது உடம்பின் மற்றக் காவல் செல்களும் கிளர்ச்சியடைந்து இரசாயனங்களை வெள்ளமாய்க் கொட்டியதே காரணம். மூட்டுவாத நோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்து அவளைக் காப்பாற்றியது. அவள் பிழைத்தாள், புற்றுநோயும் போயிற்று. ஆனால் இந்த ஆபத்தை எலி ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை? சொல்ல முடியாது என்பதுதான் பதில். மனிதனுடைய காவல் செல்களில் டி செல்லைத் தவிர மற்றவை அந்த எலியின் உடம்பில் இல்லை. கூட்டமே இல்லாத இடத்தில் கலகம் எப்படி நடக்கும்? 2018-ல்தான் இரண்டு குழுவினர் வேறு விதமாக எலிகளைத் தயார் செய்து, அந்தக் கலகத்தை எலியிலேயே உண்டாக்கிப் பார்த்து, அதில் பெரும் பங்கு மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்களுடையது என்று கண்டார்கள்.

இன்னொன்று. மனிதனுடைய அடையாளத்தைப் பிடிக்கும் கொக்கி எலியின் அடையாளத்தைப் பிடிக்காது. ஆகவே அந்த அடையாளம் மனிதனுடைய நல்ல உறுப்புகளில் கொஞ்சம் இருந்தாலும், எலிக்கு அதனால் கெடுதல் வராது, மனிதனுக்கு வரும். வேறொரு அடையாளத்தைக் குறிபார்க்கும் டி செல்களைக் கொடுத்தபோது, அவை நுரையீரலையே தாக்கியதாகக் கருதப்பட்டு ஒரு நோயாளி இறந்துபோனதை 2010-ல் அமெரிக்க டாக்டர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். எலி மட்டுமல்ல, குரங்கும் ஏமாற்றியதுண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் டி செல்களைத் தூண்டும் ஒரு புது மருந்தை ஆறு ஆரோக்கியமான வாலிபர்களுக்குக் கொடுத்தார்கள். பிராணிகளுக்குக் கெடுதல் செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. ஆறு பேரும் சில மணி நேரத்தில் உயிருக்கு மன்றாடும் நிலையை அடைந்தார்கள். உயிர் தப்பியது அவர்களுடைய அதிர்ஷ்டமல்ல, ஆஸ்பத்திரிக்காரர்களுடைய சாமர்த்தியம்.

இந்தத் தோல்விகளை நாம் வெளிப்படையாக எழுதுவதைக் கண்டு, "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் தோற்கிறது" என்று வைதீகர்கள் குதிக்கலாம். குதிக்கட்டும். தோற்றதை எண்ணி, பதிவு செய்து, அடுத்த பரீட்சையை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளுகிற முறைக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். எந்தக் கோவில் தேவஸ்தானமாவது பலிக்காத பிரார்த்தனைகளுக்கு ஒரு கணக்குப் புஸ்தகம் வைத்திருந்தால் அதை நாம் படிக்கத் தயார்.

எலிக்குப் பின் மனிதன் சொன்ன கணக்கையும் பார்ப்போம். நெக்ஸ்கார்19-ஐப் பற்றி 2025-ல் வெளியான அறிக்கையின்படி 64 நோயாளிகள் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். பலனைக் கணக்கிடக்கூடிய 51 பேரில் 37 பேருக்கு நோய் அடங்கியது அல்லது குறைந்தது. வைத்தியத்தினாலேயே இரண்டு பேர் இறந்தார்கள். அடங்கியதெல்லாம் நிரந்தரமாய்க் குணமானதாகாது. இருந்தாலும், வேறு வழியெல்லாம் அடைபட்ட நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பலன் என்பது சாமான்யமல்ல. நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்த இந்தக் கணக்குத்தான் மூன்று அமாவாசைக்கும் இதற்கும் உள்ள பேதம்.

ஜீவகாருண்யம் என்னும் வேஷம்

சிலர் வேறு பக்கத்திலிருந்து வருவார்கள். வாயில்லாப் பிராணியைத் துன்புறுத்தி மனிதன் பிழைப்பது பாபம் என்பார்கள். எலியும் வலியை உணருகிற உயிர்தான். அவசியமின்றி ஓர் எலியைக்கூட வதைப்பது காட்டுமிராண்டித்தனம் என்பதில் நமக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது. மயக்கம் கொடுக்காமல் வேதனைப்படுத்துவதும், வேறு வழியிருக்கும்போது பிராணியை உபயோகிப்பதும் கூடாது என்பது விதி. 2023-ல் சர்க்கார் மருந்துப் பரீட்சை விதிகளைத் திருத்தி, பிராணிகளுக்குப் பதிலாக மனித செல்களைக் கொண்டும் கம்ப்யூட்டர் கொண்டும் செய்கிற பரீட்சைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் பிராணிகளின் கஷ்டத்தைக் குறைத்தது புண்ணிய பாபமா, அறிவா? நமது ஜில்லாவில் வயதானவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். நாய் கடித்தால் அந்தக் காலத்தில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. சில சமயம் அதுவே பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடும். 1907-ல் ஏற்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் பல்லாண்டு உழைத்ததன் பலனாக, இன்று கண்ணாடிக் கலத்தில் வளர்த்த செல்களிலிருந்து மருந்து வருகிறது. கையில் நாலைந்து ஊசியோடு சரி. 2005-க்குள் ஆட்டு மூளை மருந்து இந்த நாட்டில் கைவிடப்பட்டது. ஆடு பிழைத்தது அறிவு வளர்ந்ததால்தான். ஆட்டைப் பற்றிய உபந்நியாசத்தால் அல்ல.

மேலும் இந்த ஜீவகாருண்யர்களை நாம் ஒன்று கேட்கிறோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் இருளர் என்னும் பழங்குடி மக்கள் அறுவடை முடிந்த வயல்களில் வளை தோண்டி எலி பிடித்து, அது பதுக்கிய நெல்லையும் எடுத்துப் பசியாறி வந்தார்கள். விவசாயிக்கு அதனால் எவ்வளவு லாபம் என்பது மிராசுதாரர்களுக்குத் தெரியும். ஆனால் 'எலி தின்கிறவன்' என்று அவர்களை ஊருக்கு வெளியே வைத்தீர்கள். ஒரு ஜாதிச் சர்டிபிகேட்டுக்காக அவர்கள் ஆபீஸ் ஆபீஸாய் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எலிக்காக உருகுகிற மனசு எலி பிடிக்கிற மனிதனுக்காக உருகவில்லையே, ஏன்? வயலில் எலி பிடித்தவனைத் தீண்டத்தகாதவன் என்றும், ஆய்வுக்கூடத்தில் எலி பிடித்தவனை மேதாவி என்றும் சொல்லுகிற சமூகத்தில் ஜீவகாருண்யம் என்பது வேஷமே ஒழிய வேறென்ன?

பலன் யாருக்கு?

கடைசியாக, முக்கியமான விஷயத்திற்கு வருகிறோம். அந்நிய நாட்டில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகிற இந்த வைத்தியம் நம் நாட்டில் முப்பது, நாற்பது லட்சத்திற்குக் கிடைக்கிறதென்று பெருமையாகப் பேசுகிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முண்டியம்பாக்கத்துக் கரும்பு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற கூலியாளுக்கு நாலு கோடியும் நாற்பது லட்சமும் ஒன்றுதான். இரண்டும் அவன் பார்க்காத பணம். நமது மாகாண சர்க்காரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு வருஷத்திற்கு ஐந்து லட்சம் வரைதான் வரம்பு. மிச்சத்திற்கு அவன் எங்கே போவான்? அந்த இடத்தில்தான் சாமியாடி கடை திறந்து வைத்திருக்கிறான். மூடநம்பிக்கைக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருக்கிற விலையும்தான் என்பதை நமது தோழர்களும் மறந்துவிடக் கூடாது.

பம்பாய் ஐ.ஐ.டி. யாருடைய பணத்தில் நடக்கிறது? டாட்டா நினைவு ஆஸ்பத்திரியை இன்று நடத்துவது மத்திய சர்க்காரின் அணுசக்தி இலாகா. எலி வளர்த்த பணமும், செல் வளர்த்த பணமும், தீப்பெட்டிக்கு வரி கொடுக்கிற ஏழையின் பணமும் கலந்ததே. செலவில் பங்கு கொடுத்தவனுக்குப் பலனில் பங்கு இல்லையென்றால், உழுகிறவன் ஒருவன், உண்கிறவன் ஒருவன் என்ற பழைய வருணாசிரமம்தான் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கேட்கிறோம்: அந்த ஆய்வுக்கூடங்களில் எலிக்குக் கிடைத்திருக்கிற இடம், நம் கிராமத்துப் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் உண்டாக்கினார். ஒரே கையால் இரண்டு காரியம். மூடப்பழக்கத்தை ஒழிப்பதும் ஏழைக்கு வைத்தியம் கொடுப்பதும் வேறு வேறு வேலையல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அப்படியே இந்த வைத்தியமும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், சர்க்கார் செலவில், தக்க நோயாளிகளுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். காப்பீட்டு வரம்பை இதற்கென்று தனியே உயர்த்த வேண்டும் என்பது நமது கோரிக்கை.

திண்டிவனத்துத் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். நிலத்தை விற்று அமாவாசைக்குக் கொடுக்காதீர்கள். அவசரப்பட்டு இந்த வைத்தியத்துக்கென்றும் விற்றுவிடாதீர்கள். பையனை வைத்திருக்கிற டாக்டரிடம் நேரே போய்க் கேளுங்கள்: இவனுக்கு வந்திருக்கிற வகைக்கு இந்த வைத்தியம் பொருந்துமா? இவனைப் போன்ற எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள்? வேறு வழி என்ன இருக்கிறது? செலவில் சர்க்காரும் தர்ம நிதிகளும் எவ்வளவு ஏற்கும்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லுகிறவரை மதியுங்கள். "எலிக்குக் குணமாயிற்று, உனக்கும் ஆகும்" என்று மட்டும் சொல்லிப் பணம் கேட்கிறவன் கோட்டுப் போட்ட சாமியாடி, அவனையும் நம்பாதீர்கள்.

எலியைக் கும்பிடவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அதனிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட மனிதனுடைய முறையைக் கைக்கொள்ளுங்கள். அதே கேள்வியைக் கோவிலிடமும், சர்க்காரிடமும், விஞ்ஞானியிடமும், நம்மிடமும் அஞ்சாமல் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.